பல்லுக்குக் கால் முளைத்த கதை

தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தில்லி ஹாட்டுக்கு எதிரே, எய்ம்ஸ் மருத்துவமனைக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷன் முன்னால், குறுகலான சந்துகளும் ஈரத் தரையுமாக இருக்கும் சந்தை அது. முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, வாழைப்பூ, தேங்காய், நண்டு, நெத்திலி, கருவாடு என்று நம் நாக்கு கேட்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மலையாளிக் கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் தொங்கும்.

யோசித்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் பாதி, பல் இருந்தால்தான் பிரயோஜனம். முருங்கைக்காயைச் சவைத்து உறிஞ்ச வேண்டும். நண்டுக் காலைக் கடித்து உடைக்க வேண்டும். முறுக்கு, சீடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல் உள்ளவன் பக்கோடா தின்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஊரிலிருந்து இரண்டு மாதம் தங்கிப் போக வருகிற அப்பா அம்மாவை இந்தச் சந்தைக்கு அழைத்து வராத தமிழ்க் குடும்பம் குறைவு. நாம் ஆசையாக ஒரு பாக்கெட்டை எடுத்தால், "எனக்கு வேண்டாம்ப்பா, பசங்க சாப்பிடட்டும்" என்பார்கள். நாம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வோம். பாசமும் இருக்கலாம். கடைவாயில் நாலைந்து பல் போயிருப்பதும் இருக்கலாம். இரண்டாவதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் யாராவது ஒருவர், "இப்பல்லாம் எலும்புல ஸ்க்ரூ வச்சு, மேல பிரிட்ஜ் போட்டுடறாங்களே" என்று ஆரம்பித்து வைப்பார். விலையைக் கேட்டதும் வீட்டில் விவாதம் தொடங்கும். அந்த விவாதத்துக்கு உதவட்டும் என்றுதான் இந்தப் பதிவு. நான் பல் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்புகளைப் பார்க்கிற ஆசாமி. ஆனால் ஒரு சங்கதியின் பூர்வீகம் தெரிந்தால், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியும் என்று நம்புகிறவன்.

தங்கப் பட்டையும் நீர்யானைத் தந்தமும்

பொய்ப்பல் புதிய சமாச்சாரமே அல்ல. இன்றைய இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்கள், கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன்பே பல்லுக்குப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய தங்கப் பட்டையை வளையமாக அடித்து, பக்கத்தில் இருக்கும் நல்ல பற்களில் மாட்டி, நடுவில் விழுந்த பல்லின் இடத்தில் வேறொரு பல்லை ஆணியடித்துப் பொருத்துவார்கள். கல்லறைகளில் கிடைத்த அந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் நம் ஊர்ப் பொற்கொல்லர்களே மெச்சுவார்கள்.

அதன்பின் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பல்லை எதில் செய்வது என்பதிலேயே மனிதனின் கவனம் இருந்தது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தத்தில் செதுக்கி, மனிதப் பற்களைப் பதித்து, மேலும் கீழும் ஸ்பிரிங் வைத்த செட் அது. வாயைத் திறந்தால் செட் எகிறும். மூடி வைக்கவே தாடையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய படங்களில் உதடு இறுக்கமாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

1815இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் களத்தில் செத்துக் கிடந்த வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். இளைஞர்களின் பல் என்பதால் நல்ல கிராக்கி. "வாட்டர்லூ பற்கள்" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பணக்காரச் சீமானின் சிரிப்பு யாரோ ஒரு ஏழைப் பையனுடையது.

பிறகு ரப்பர் வந்தது. கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில், வாயின் அச்சுக்கு ஏற்ற தட்டைச் செய்ய முடிந்தது. விலை மலிவு. நடுத்தர வர்க்கம் முதன்முதலாகப் பல்செட் போட்டுக்கொண்டது அப்போதுதான். ஆனால் 1864இல் கிடைத்த ஒரு காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, ரப்பர் தட்டு செய்யும் ஒவ்வொரு பல் மருத்துவரும் தனக்கு லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும் என்றது குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி. கட்டாதவர்கள் மீது வழக்குக்கு மேல் வழக்கு. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய் வசூலில் இறங்கினார். 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். வசூல் வேலை எவ்வளவு ஆபத்தானது என்று வங்கிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும் :-) 1881இல் காப்புரிமை காலாவதியானது. 1930களின் இறுதியில் ரப்பரின் இடத்துக்கு அக்ரிலிக் வந்தது. நம் தாத்தா பாட்டிகள் இரவில் டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்த ரோஸ் நிறத் தட்டு அதுதான்.

இவ்வளவு மாறியும் ஒன்று மாறவில்லை. பல் பிரமாதமாக இருந்தது. அதற்கு நிற்க இடம் இல்லை.

ஜாமீன் போட்ட பல்

கழற்றி மாட்டும் செட் ஈறின் மேல் உட்காருகிறது. ஈறுக்கு அடியில் இருக்கும் தாடை எலும்போ, பல் போன நாளிலிருந்து கரைய ஆரம்பிக்கிறது. பல்லின் வேர் வழியாகக் கடியின் அழுத்தம் வந்துகொண்டிருக்கும் வரைதான் அந்த எலும்பு தன் உயரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வேர் போனால் வேலை போச்சு, வேலை போனால் எலும்பும் போச்சு. அதனால்தான் முதல் வருஷம் கச்சிதமாக இருந்த செட் நாலாம் வருஷம் ஆடுகிறது. செட் செய்தவர் மேல் தப்பில்லை. அடித்தளம் இறங்கிவிட்டது.

எட்ரஸ்கன் வழியில் வந்தது நிரந்தரமாக ஒட்டும் பாலம். காலியிடத்துக்கு இரு புறமும் இருக்கும் நல்ல பற்களைச் சுற்றிலும் ராவி, உறை போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தொங்கவிடுவார்கள். என் தொழில் புத்தியில் இதைப் பார்த்தால், போனவன் கடனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் போடும் ஜாமீன். ஜாமீன்தாரர்கள் திடமாக இருந்தால் பல வருஷம் ஓடும். குறை சொல்வதற்கில்லை. ஆனால் நல்ல பல்லை ராவியது ராவியதுதான், திரும்ப வளராது. அவர்களில் ஒருவருக்குச் சொத்தை வந்தால் மொத்தப் பாலமும் போகும். வரிசையாக நாலு பல் போயிருந்தாலோ, கடைக்கோடியில் ஜாமீன் போட ஆளே இல்லாவிட்டாலோ இந்த வழி அடைபட்டுவிடும்.

வேரையே புதிதாக வைத்தால் என்ன என்ற யோசனையும் பழசுதான். 1931இல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில் தோண்டியெடுத்த மாயன் காலத்துத் தாடை எலும்பு ஒன்றில், கீழ் முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய சிப்பி ஓடுகள் இருந்தன. காலம் சுமார் கி.பி. 600. இறந்தபின் அலங்காரத்துக்கு வைத்தது என்று முதலில் நினைத்தார்கள். 1970இல் பிரேசில் பேராசிரியர் அமாடியோ போபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. உயிரோடு இருந்தபோதே வைத்திருக்கிறார்கள்! ஐரோப்பாவில் 1809இல் மாஜியோலோ தங்கத்தில் வேர் செய்து பார்த்தார். 1930களின் கடைசியில் பாஸ்டனில் ஆல்வின் ஸ்ட்ராக் கோபால்ட்-குரோமியம் கலவையில் திருகாணி வைத்துப் பார்த்தார். அவ்வப்போது சில வெற்றிகள் கிடைத்தன, நம்பிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு இல்லை.

முயல் காலில் மாட்டிக்கொண்ட உலோகம்

விடை பல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1952இல் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சின்னஞ்சிறு கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்தது. கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. விலை கூடிய கருவி போச்சே என்று அலுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில், அவர் நின்று யோசித்தார்.

1965இல் யோஸ்டா லார்ஸன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகாணிகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் கோளாறு உள்ளவர் லார்ஸன். கீழ்த்தாடையில் பல்லே இல்லை. எலும்பு பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்து, அதன்பின் அவற்றின் மேல் பல்வரிசையைப் பொருத்தினார்கள். லார்ஸன் 2006இல் காலமானார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நான்கு கால்களும் நின்றன.

பல் மருத்துவ உலகம் உடனே கைதட்டவில்லை. பிரோனமார்க் உடற்கூறியல்காரர், பல் டாக்டர் இல்லை. வாய்க்குள் வைக்கும் உலோகம் என்றாவது ஒருநாள் சீழ் பிடித்து வெளியே வந்தே தீரும் என்பது அன்றைய பாடம். ஏளனங்களுக்கு நடுவே அவர் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1981இல் அவர் குழு வெளியிட்ட 15 ஆண்டுக் கணக்கில் 371 நோயாளிகள், 410 தாடைகள், 2,768 திருகாணிகள். அடுத்த வருஷம் கனடாவின் டொரான்டோவில் கூடிய மாநாட்டில்தான் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தன. 2014 டிசம்பரில் பிரோனமார்க் மறைந்தபோது உலகெங்கும் லட்சக்கணக்கான வாய்களில் அவருடைய முயல் பாடம் இருந்தது.

அந்த 1981 அறிக்கையில் எனக்குப் பிடித்த வரவு செலவு ஒன்று உண்டு. தனித்தனித் திருகாணிகளில் மேல்தாடையில் 81 சதவீதமும் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் உறுதியாக நின்றன. ஆனால் அவற்றின் மேல் கட்டிய பாலங்களில் மேல்தாடையில் 89 சதவீதமும் கீழ்த்தாடையில் 100 சதவீதமும் தாங்கின. கவனித்தீர்களா? சில கால்கள் கைவிட்டபோதும் பாலம் நின்றிருக்கிறது. பல பல் போனவர்களுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகாணி என்று வைக்காமல் பாலமாகக் கட்டுவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மூன்று பல் வரிசையாகப் போயிருந்தால் பெரும்பாலும் இரண்டு திருகாணி போதும். ஒரு தாடை முழுக்கக் காலியென்றால் நான்கு முதல் எட்டு வரை. பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் ஜாமீனுக்கு இழுக்க வேண்டியதில்லை.

குமரிக் கடற்கரையின் கறுப்பு மணல்

டைட்டானியம் என்றதும் ஏதோ வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1791இல் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஓடைக் கறுப்பு மணலில் இதை முதலில் கண்டார். அதே இனக் கறுப்பு மணல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவறாவிலும் கரையோரம் கிடக்கிறது. இல்மனைட் என்ற தாது. திருவாங்கூர் சமஸ்தானக் காலத்திலேயே, இந்த மணலில் உள்ள மோனசைட்டைத் தேடி ஜெர்மானியர்கள் வந்துவிட்டார்கள். இன்று மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுப்பது மத்திய அரசின் இந்திய அரிய மணல் நிறுவனம். இல்மனைட்டில் பெரும்பங்கு வெள்ளை நிறமியாக மாறி பெயின்ட்டுக்குப் போகிறது. பல பற்பசைகளின் வெண்மையும் அதே நிறமிதான். உலோக டைட்டானியத்துக்கு முந்தைய நிலையான டைட்டானியம் ஸ்பாஞ்சை எடுக்கும் ஆலை 2011இல் சவறாவில் திறக்கப்பட்டது. நேந்திரங்காய் சிப்ஸ் வருகிற அதே கரையோரம்!

ஐஸ்கிரீம் காசில் பல் கல்லூரி

நம் நாட்டுக் கதையும் சுவாரஸ்யமானது. கிழக்கு வங்காளத்தில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் வாங்கியவர் ரஃபியுதீன் அகமது. ஊர் திரும்பி 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம்? நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்று ஒரு கடை திறந்து அதன் வருமானத்தில் நடத்தினார். சோடாவும் ஐஸ்கிரீமும் விற்ற காசில் பல் வைத்தியம்! 1949இல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் அவருக்குப் பத்மபூஷண். இன்று அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர்.

1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதில் இரண்டு பதிவேடுகள். பட்டம் பெற்றவர்கள் ஒன்றில், பட்டம் இல்லாமலே வருஷக்கணக்காக இதையே தொழிலாக நடத்தியவர்கள் இன்னொன்றில். சென்னையில் நாம் பார்த்த சீனப் பல் வைத்தியர் குடும்பங்கள், கைத்தொழிலாகவே பல் கட்டி வந்த பரம்பரையைச் சேர்ந்தவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953இல். தில்லியில் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவு 1983இல்தான் வந்தது. அதாவது ஸ்வீடனில் லார்ஸன் பாலத்தில் மென்றுகொண்டிருந்த காலத்தில், இங்கே நம் பெரியவர்களுக்குத் தெரிந்த பல் வைத்தியம் ஒன்றே ஒன்று: பிடுங்குவது. பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டுவிடுவதும் வழக்கம். இன்று எழுபதைத் தாண்டியவர்களின் வாயில் இருக்கும் காலியிடம் அந்தக் காலத்தின் கணக்கு. அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

வீட்டு விவாதத்துக்குச் சில குறிப்புகள்

இப்போது எய்ம்ஸில் பல் மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன். தனியார் மருத்துவமனைகளும் ஏராளம். எங்கே போனாலும் சில விஷயங்களைப் பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

முதலில், அவசியமா என்று கேளுங்கள். சொந்தப் பல் இருபது நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலான சாப்பாட்டைச் சமாளிக்கலாம் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. ஒன்றிரண்டு கடைவாய்ப் பல்லுக்காக எல்லாரும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியதில்லை. முக்கியமாக, முடிவு அப்பா அம்மாவுடையதாக இருக்கட்டும். நம் மனத் திருப்திக்காக அவர்கள் தாடையில் துளை போடக்கூடாது.

இரண்டாவது, எலும்பு. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் மிச்சம் என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். குறைவாக இருந்தால் எலும்பு ஒட்டு வைக்க வேண்டிவரும். காலமும் செலவும் கூடும். தள்ளிப்போடத் தள்ளிப்போட எலும்பு கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, உடம்பு. வயது மட்டும் தடையில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் தோல்வி வாய்ப்பைக் கூட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, பராமரிப்பு. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சி கண்டு இறங்கலாம். பாலத்துக்கு அடியில் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். சின்னப் பிரஷ், தடித்த நூல் என்று அதற்கான சாமான்கள் உண்டு. கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது சாத்தியமா என்று நேர்மையாக யோசியுங்கள். சிலருக்கு, இரண்டு திருகாணியில் மாட்டிக் கழற்றும் செட்டே சௌகரியம்.

ஐந்தாவதுதான் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கானது. எலும்பு பிடிக்கவே பலருக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிலருக்கு உடனடியாகத் தற்காலிகப் பல் போடுவதும் உண்டு, எல்லாருக்கும் அது பொருந்தாது. அப்பா அம்மா தங்குவதோ இரண்டு மாதம். திருகாணியைத் தில்லியில் வைத்து, பாலத்தைத் திருநெல்வேலியில் கட்டுவது என்றால் அங்கே இருக்கும் டாக்டருக்கு விவரம் தெரிய வேண்டும். ஒவ்வொரு கம்பெனியின் திருகாணிக்கும் தனித்தனி இணைப்பு, தனித்தனிச் சாவி. திருகாணி வரும் டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன், திருகாணி, இணைப்பு, பாலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் விலை வாங்குங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பாலிசியைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பத்திரமாக வைக்கிறோம். அதோடு இந்த ஸ்டிக்கர் ஒட்டிய காகிதத்தையும் வையுங்கள். நகல் ஒன்று ஊரில் அம்மாவின் பெட்டியில் இருக்கட்டும். இருபது வருஷம் கழித்து ஒரு ஆணி தளர்ந்தால், எந்த ஊர் டாக்டர் என்றாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.